மித்ராவின் தாடையும் நான் எடுத்த மூன்று படங்களும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் பக்கவாட்டில்தான் பார்ப்பேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர், கல்யாண மேடையில் மாலையோடு வியர்த்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை, யாரும் தப்ப முடியாது. மூக்கு நுனியிலிருந்து தாடை நுனிக்கு மனசுக்குள் ஒரு கோடு இழுத்து, உதடு அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. "பொண்ணு எப்படி?" என்று என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்தில் கேட்டபோது, "கீழ்த்தாடை நாலு மில்லிமீட்டர் பின்னால இருக்கு" என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் தாடைகளைப் படம் எடுத்தவளுக்கு ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் பெரிதாக ஆசைப்படவில்லை.

என் இடத்தில் இப்போது எக்ஸ்ரே எடுக்கும் நித்யா போன மாதம் போன் செய்தாள். புது மிஷின் வந்திருக்கிறதாம். தலையைச் சுற்றி ஒரு வட்டம் வந்ததும் கம்ப்யூட்டரே முழு முகத்தையும் செய்து காட்டிவிடுகிறதாம். "பேஷன்ட்டுங்க போன்லயே தாடையை இழுத்து நீட்டிப் பாத்துட்டு, இதே மாதிரி வேணும்னு வந்து நிக்கிறாங்கக்கா. நீங்கல்லாம் பென்சில வச்சிக்கிட்டு எப்படி முடிவு பண்ணீங்க? எழுதிக் குடுங்க, எங்க ஆஸ்பத்திரி ஆண்டு மலர்ல போடறோம்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் பேனாவைத் தேடினேன். கடைசியில் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். நான் சரியாகச் செய்தவற்றை எழுதினால் அது தற்பெருமை. அந்தப் பெண் விஷயத்தில் நான் தப்பு செய்தேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருவொற்றியூரில் பிறந்து, எக்ஸ்ரே டெக்னீசியன் டிப்ளமோ இரண்டு வருஷம் படித்து, யானைக்கவுனியில் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் மார்பையும் முழங்காலையும் படம் எடுத்துப் பழகினேன். இருட்டறை மருந்து வாடையில் மூன்று வருஷம் போனது. பிறகு ராயபுரம் பக்கம் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில், முகத்தாடை அறுவைப் பிரிவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியோடு மோதி உடைந்த தாடைகள்தான் எங்களுக்கு முக்கால்வாசி வேலை. உடையாத தாடையோடு, அது உள்ளே போயிருக்கிறதே என்று வருகிறவர்கள் குறைவு. அவர்களைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். வெட்கப்பட்டுக்கொண்டு 'பல்வலி' என்று சீட்டு எழுதி வாங்கி, வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருப்பார்கள்.

தாடைக்கு எடுக்கும் பக்கவாட்டுப் படம் மற்ற எக்ஸ்ரே மாதிரி கிடையாது. தலை ஒரு இம்மி திரும்பினாலும் கணக்கு கெட்டுப்போகும். ஆளை நிற்க வைத்து ஈய அங்கியை மாட்டி, இரண்டு காதுத் துளையிலும் பிளாஸ்டிக் குச்சிகளை மெல்லச் செருக வேண்டும். மூக்கின் மேல்முனையில் ஒரு தாங்கி. எதிரே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதில் தன் கண்ணையே தான் பார்க்கச் சொன்னால் தலை தானாகச் சரியான மட்டத்துக்கு வந்துவிடும். "பின்பல்லைக் கடி. உதட்டைத் தளரவிடு. எச்சில் முழுங்காதே." இந்த மூன்று வாக்கியத்தையும் எத்தனை ஆயிரம் தடவை சொன்னேனோ தெரியாது. தூக்கத்திலும் சொல்வதாக வீட்டில் புகார் உண்டு.

அந்தப் படத்தை வைத்து முடிவெடுத்தவர் டாக்டர் மரியதாஸ். நல்ல உயரம். நோயாளி உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். உட்கார்ந்ததும் தன் நாற்காலியைத் திருகி இறக்கி, தன் கண் அவர் கண்ணுக்கு நேராக வரும்படி வைத்துக்கொள்வார். "தொடலாமா?" என்று கேட்காமல் எந்த முகத்தையும் தொட்டதில்லை. அழகு என்ற சொல்லும் குறை என்ற சொல்லும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "உங்க தாடை இப்ப இங்க இருக்கு. எங்க இருந்தா தேவலைன்னு நினைக்கிறீங்க?" என்பார், பீரோவை எந்த மூலையில் வைக்கலாம் என்று கேட்கிற மாதிரி.

டிஜிட்டல் மிஷின் வந்த பிறகும் அவர் என் படத்தை அச்செடுக்கச் சொல்லி, அதன்மேல் கண்ணாடித்தாளை ஒட்டித்தான் வேலை செய்தார். இருக்கிற முகத்தை நீலப் பென்சிலால் வரைவார். தாடைத் துண்டை மட்டும் இன்னொரு தாளில் வரைந்து கத்தரித்து, நோயாளியின் கையில் கொடுத்துவிடுவார். அவர்களே அதை நீலக் கோட்டின்மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். போதும் என்று அவர்கள் நிறுத்தும் இடத்தில் சிவப்புக் கோடு போடுவார். ஒவ்வொரு வழிக்கும் ஒரு தாள், எதுவும் செய்யாமல் விடுவதற்கும் ஒரு தாள். "சமையல் ரூம்ல ஒட்டி வைங்க. பசியோட பாருங்க, கோவத்தோட பாருங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க." அன்றைக்கே முடிவு சொல்கிறேன் என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

படம் சரியில்லை என்றால் திட்டவும் மாட்டார். மேசைமேல் கவிழ்த்து வைப்பார், அவ்வளவுதான். அடுத்த நோயாளியின் படத்துக்குக் கையை நீட்டுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய் மறுபடி எடுப்பேன். என் படம் கவிழ்ந்தது மொத்தம் பதினோரு தடவை. கடைசி ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை என்று நான் கொஞ்சம் தலைக்கனத்தோடு திரிந்த காலத்தில்தான் சங்கமித்ரா வந்தாள்.

வீட்டில் மித்ரா. இருபத்தாறு வயது. புளியந்தோப்புக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. காலையில் டோல்கேட்டில் கம்பெனி பஸ் ஏறி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கன்டெய்னர் முற்றத்துக்குப் போவாள். பெட்டி எண், சீல் எண் எல்லாம் வாக்கி டாக்கியில் சொல்லும் வேலை. எங்கள் வராந்தாவில் ஒரு பக்கம் சுவர் இருக்கும் மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா வாய்வரை வந்திருந்தது.

"அக்கா, சீட்டுல பல்லு வலின்னு கீது. எனக்கு பல்லு வலி இல்ல" என்றாள்.

"தெரியும். பல்லு வலிக்கிறவங்க கன்னத்தப் புடிச்சிக்கிட்டு வருவாங்க. நீ துப்பட்டாவப் புடிச்சிக்கிட்டு வந்திருக்க."

சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது கையை வாய்க்குக் குறுக்கே கொண்டுபோனாள். அவள் பேச்சில் 'ச' வருகிற இடமெல்லாம் கொஞ்சம் குழறியது, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. பிறவியிலேயே அப்படி என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'எலி' என்று பெயர். மித்ரா என்று கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாளாம். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. இப்போது வந்த காரணம் வேறு. முற்றத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் பதவிக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். "நாப்பது ஆம்பளைங்க முன்னாடி ரெண்டு மணி நேரம் நிக்கணும்கா. ரெண்டு தபா கூப்ட்டாங்க, ஜொரம்னு சொல்லி வூட்டுல பட்த்துட்டேன். இன்னும் நாலு மாசத்துல ஆள போட்டுருவாங்க. மூணாவது தபாவும் ஜொரம்னா வேற ஆளுக்குப் பூடும். எனக்கு அந்த வேல வோணும்கா." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது துப்பட்டாவை மறந்துவிட்டாள்.

படம் எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்தாள், பின்பல்லைக் கடித்தாள், உதட்டைத் தளரவிட்டாள். படம் கத்தி மாதிரி வந்தது. தாடை லேசாகத்தான் உள்ளே போயிருந்தது. டாக்டரும் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துப் பார்த்தார், வாயைத் திறந்து மூடச் சொன்னார், தலையாட்டினார். மூன்று தாள் கொடுத்தார். ஒன்று, விட்டுவிடுவது. இரண்டு, கீழுதட்டுக்கு உள்பக்கமாகக் கீறி எலும்பின்மேல் ஒரு சிலிகான் துண்டை வைப்பது, ஒரு மணி நேர வேலை, ஒரு வாரம் லீவு போதும். மூன்று, தாடை நுனி எலும்பையே நறுக்கி முன்னால் நகர்த்தித் திருகுவது. ஒரு வாரம் கழித்து மித்ரா இரண்டாவது தாளோடு வந்தாள். தேதி குறித்தோம்.

எங்கள் பிரிவில் ஆள் குறைவு. அறுவைக்கு நான்கு நாள் முன்னால் நோயாளிக்குப் போன் செய்து, சளி காய்ச்சல் உண்டா, ரத்தப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்பதும் என் தலையில்தான். பகல் சாப்பாடு முடிந்ததும் மித்ராவை அழைத்தேன்.

"சொல்லுங்கக்கா, சங்கமித்ராதான் பேசறேன்."

எனக்குக் குரல் பிடிபடவில்லை. 'ச' மணி மாதிரி விழுந்தது.

"நீதானா? உங்க வீட்டுல வேற யாராவதா?"

"இன்னாக்கா, நாந்தான். இப்பதான் சப்பாத்தி துன்னுட்டு குந்திகினுகீறேன்."

சப்பாத்தியும் சுத்தமாக வந்தது. போன் கோளாறா என் காதுக் கோளாறா என்று யோசித்தேன். அப்புறம் எதற்கென்று தெரியாமலே ஒரு கேள்வி கேட்டேன். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா. கேபின்ல தனியாத்தான் கீறேன்."

"இப்ப யாராவது உள்ள வந்தா?"

"ஏங்க்கா, யாரு வராங்க? எங்க சூப்பர்வைசரா?" என்றாள். குரல் தடித்துவிட்டது. எனக்குத் தெரிந்த மித்ராவின் குரல் அதுதான்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மித்ரா, யாரும் வரல. இப்ப தாடைய என்ன பண்ண?"

அவள் பதில் சொல்வதற்குள் அங்கே ஒரு கிரேன் கூவி ஓய்ந்தது. "முன்னாடி தள்ளிகினேன்."

"எப்பலேர்ந்து இப்படித் தள்ற?"

"எட்டாவது படிக்கச்சொல்லோலேர்ந்து. ஆளுங்க இருந்தா தள்ளிப்பேன். தன்னால வந்துரும்."

"ஏம்மா, படம் எடுக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லியேக்கா. படம் எடுக்கச்சொல்லோ எல்லாரும் மூஞ்சிய ஒயுங்காதான வச்சிப்பாங்க?"

அந்தப் பெண் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு என்னுடையது. பின்பல்லைக் கடி என்றேன், கடித்தாள். ஆனால் கடித்தது தாடையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு. பன்னிரண்டு வருஷம் அப்படியே கடித்துக் கடித்துப் பற்களும் அந்த இடத்துக்குத் தகுந்தபடி தேய்ந்து, நன்றாகப் பொருந்தியும் இருந்தன. டாக்டர் தொட்டுப் பார்த்தபோதும் சதை விட்டுக்கொடுக்கவில்லை. நாக்கைப் பின்னால் மடக்கி மேலண்ணத்தில் வைத்துக் கடிக்கச் சொல்லியிருந்தால் தாடை தன் இடத்துக்குப் போயிருக்கும். அதை நான் சொல்லாமல் விட்டதற்கு ஒரே காரணம், எனக்கு அவசியமாகப் படவில்லை. ஆறு வருஷமாகப் படம் கவிழாதவள் இல்லையா நான்.

அன்று மாலையே டாக்டரின் அறைக்குப் போனேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மித்ராவின் படத்தை அவர் மேசைமேல் நானே கவிழ்த்து வைத்தேன்.

"யாரோடது?" என்றார்.

"சங்கமித்ரா. நான் எடுத்த படம் தப்பு சார்."

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் இல்லை. நான்கு நாளில் அந்தப் பெண்ணின் தாடையில் ஒரு துண்டை வைத்துத் தைத்திருப்போம். அவள் தாடையைத் தள்ளினால் துண்டும் சேர்ந்து துருத்தியிருக்கும், விட்டால் எல்லாமே உள்ளே போயிருக்கும். ஆயுசுக்கும் அவள் இரண்டு முகத்தோடு அல்லாடியிருப்பாள். என் பயம் அதுதான்.

டாக்டர் எழுந்து போய்த் தன் கண்ணாடி டம்ளரைத் தானே கழுவினார். யோசிக்கும்போது அவர் அப்படித்தான் எதையாவது கழுவிக்கொண்டிருப்பார். திரும்பி வந்து, "உக்காருங்க கஸ்தூரி" என்றார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க தூரத்துல நின்னு ஏமாந்தீங்க. நான் ரெண்டு கையாலயும் புடிச்சிப் பாத்து ஏமாந்தேன். போன்ல கண்டுபிடிச்சிருக்கீங்க, எனக்கு அதுவும் தோணியிருக்காது" என்று சொல்லிக் கவிழ்ந்த படத்தை நிமிர்த்தினார். "நாளைக்கு வரச் சொல்லுங்க. புதுசா எடுப்போம்."

மறுநாள் மித்ரா பயந்துகொண்டே வந்தாள். ஆபரேஷன் கிடையாது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். முன்பற்களுக்கு நடுவில் பஞ்சுச் சுருள் இரண்டை வைத்து லேசாகக் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். பின்பற்கள் ஒன்றையொன்று தொடாவிட்டால், எங்கே கடிப்பது என்ற பழக்கம் தாடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும். கால் மணி நேரம் ஆனது. அதுவரை நான் என் வீட்டுக்காரரின் குறட்டை முதல் மீன் விலை வரை பேசிக்கொண்டிருந்தேன். அவளால் பதில் பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டினாள். திடீரென்று தாடைச் சதை துடித்தது. பிறகு மெல்லப் பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது.

அவள் கை தானாக வாயை மூடப் போனது. நான் பிடித்துக்கொண்டேன். "இங்க நானும் மிஷினும்தான். வேற யாரும் இல்ல."

எதிரே இருந்த கண்ணாடியைத் துண்டால் மூடினேன். கண்ணாடி இல்லாமல் தலை மட்டத்தைச் சரிசெய்வது கஷ்டம். பரவாயில்லை, சுவரில் ஒரு புள்ளியைக் காட்டி அதைப் பார்க்கச் சொன்னேன். பஞ்சை எடுத்துவிட்டு, நாக்கை மடக்கிக் கடித்தாள். படம் எடுத்தேன். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் என் சுண்டு விரல் தாராளமாகப் போகும். தாடை நுனி மட்டுமில்லை, கீழ்த்தாடை முழுவதுமே பின்னால் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் ஆள் முன்னால் காட்டாத முகம் அது. அவசரமாக ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

இந்தத் தடவை அவள் அப்பாவும் வந்தார். பெயர் தனசேகர், ரயில்வே பணிமனையில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடர்ந்த வெள்ளைத் தாடி. டாக்டர் நான்கு தாள்களை வரிசையாக வைத்தார். முதல் மூன்றும் பழையவைதான், ஆனால் இப்போது சிலிகான் துண்டு பெரிதாக இருந்தது. நான்காவது புதியது. கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் வாய்க்கு உள்ளேயே அறுத்து, முழுத் தாடையையும் முன்னால் கொண்டுவந்து தகடு வைத்து முடுக்குவது.

"ரெண்டாவதும் மூணாவதும் நுனியை மட்டும் மாத்தும். பல்லு, தாடை, நீங்க தள்ற பழக்கம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். நாலாவது, நீங்க இத்தனை வருஷமா சதையால இழுத்துப் புடிச்சி வச்சிருக்கிற எடத்துல எலும்பையே கொண்டுபோய் வைக்கிறது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மேல பல்லுக்குக் கம்பி போடணும்" என்றார் டாக்டர்.

மித்ரா விரலை மடக்கி எண்ணினாள். வகுப்புப் பதவிக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது.

தனசேகர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "வாணாம் டாக்டர். எலும்ப ரெண்டு பக்கமும் அறுக்கறதா? கேக்கவே கலீஜா கீது. அந்தச் சின்னத் துண்டயே வச்சி வுட்ருங்க. ஒரே வாரத்துல வேலைக்குப் பூடும், மூணு மாசத்துல அதுக்குக் கேட்ட போஸ்டும் கெடைக்கும். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

குடும்பத்துக்குள் பேச வேண்டியது வந்துவிட்டால் டாக்டர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அன்றும் திருப்பிக்கொண்டார். நான் கோப்பு ஒன்றைப் புரட்டுவதாகப் பாவனை செய்தேன்.

"நைனா, எனக்கு தெனிக்கும் சாய்ங்காலமானா தல வலிக்குதுன்னு சொல்றன்ல?" என்றாள் மித்ரா.

"வெயில்ல நிக்கிற, வலிக்காம இன்னா பண்ணும்."

"வெயிலு இல்ல நைனா. இத்தப் புடிச்சிகினே கீறேன்ல, அதான்." சொல்லிவிட்டு, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடையை விட்டாள். பின்னால் போய் நின்றது. கையால் மறைக்கவில்லை.

தனசேகர் மகளை வெகு நேரம் பார்த்தார். பிறகு அவர் கை தன் தாடிக்குப் போனது. மயிரை ஒதுக்கி உள்ளே எலும்பைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னுதும்மா. அப்டியே என்னுது. நான் பதினெட்டு வயசுல மயிர வளத்து மறச்சிகினேன், அப்பால மறந்தே பூட்டேன். உனக்கு மறைக்க இன்னா கீது? பன்னெண்டு வருசமா புடிச்சிகினு இருந்துகிற, எனக்குத் தெரியவே இல்லியே" என்று சொல்லிவிட்டு, பெரிய உருவம் குலுங்கக் குலுங்க அழுதார்.

பக்கவாட்டில் பார்ப்பதில் கில்லாடி என்று பெருமையடிக்கும் நான் அந்தத் தாடிக்குள் இருந்த தாடையைக் கவனிக்கவே இல்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "வலிக்குமா டாக்டர்?" என்றார். டாக்டர் திரும்பி, "வலிக்கும். ஒரு மாசம் கஞ்சிதான். கீழுதடு மரத்துப் போகலாம். சில பேருக்கு அது முழுசா திரும்பாது" என்றார். சர்க்கரை தடவிப் பேசத் தெரியாத மனுஷன். நான்கு தாளையும் கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஐந்தாம் நாளே வந்து நின்றாள். அடுப்புப் பக்கத்தில் ஒட்டியிருந்ததில் எல்லாத் தாளிலும் எண்ணெய் தெறித்திருந்தது. நான்காவதை மேசையில் வைத்தாள். "கம்பி போட்டுகினே க்ளாஸ் எடுக்கறேன் டாக்டர். புடிச்சிக்காம எடுக்கறேன். சிரிச்சா சிரிக்கட்டும்."

எனக்கு உள்ளூர உதறல்தான். இருபத்தாறு வயதுப் பெண், வாய் நிறையக் கம்பி, உள்ளே போன தாடை, நாற்பது ஆண்கள். கம்பியை முடுக்கிக்கொள்ள மாதம் ஒருமுறை எங்களிடம் வருவாள். முதல் வகுப்பு முடிந்த மாதம் வராந்தாவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா! எல்லாவனும் கம்பியத்தான் பாத்தானுங்க, தாடய ஒர்த்தனும் பாக்கல! ஒர்த்தன் எந்திரிச்சி, மேடம் இந்த வயசுல இன்னாத்துக்கு கம்பின்றான். ஹெல்மெட்டுக்கு வாரு எதுக்கோ அதுக்குத்தான்னேன். அப்பறம் ரெண்டு மணி நேரம் கம்முனு கேட்டானுங்க."

குரல் போனில் கேட்ட குரல். அந்த மாதமே பதவியும் அவளுக்கு உறுதியாகிவிட்டது.

பல் வரிசை சரியாக வந்து சேர ஒன்றரை வருஷம் ஆனது. வகுப்பு நன்றாகத்தான் நடக்கிறதே, இனி ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர் மறுபடி ஒரு தடவை கேட்டார். அது அவர் வழக்கம். "வகுப்புல புடிக்கிறதில்ல டாக்டர். ஆனா பஸ்ல, கல்யாணத்துல, கடையில தன்னால வந்துருது. தல வலி போவல. எனக்கு இது நிக்கணும்" என்றாள்.

அறுவை மூன்றரை மணி நேரம் நடந்தது. நான் தியேட்டருக்குள் போகிறவள் இல்லை, வெளியே தனசேகரோடு உட்கார்ந்திருந்தேன். அவரிடம் விளையாட்டாக, "உங்களுக்கும் பண்ணிடலாமா?" என்று கேட்டேன். "எனக்கா? போம்மா, இந்தத் தாடி எனக்கு சோக்கா கீது" என்று தடவிக்கொண்டார். பிறகு ஒரு மாதம் அவர்தான் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி வடிகட்டி மகளுக்குக் கொடுத்தார். கீழுதட்டில் இடது ஓரம் மட்டும் மரத்தே இருந்தது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் அவளுக்குத் தெரியாது, எதிரே இருப்பவர் சொல்ல வேண்டும். இன்றைக்கும் கொஞ்சம் அப்படித்தான் என்கிறாள். அதையும் எழுதிவிடுகிறேன் நித்யா, மலரில் வெட்டிவிடாதே. புது மிஷின் முகத்தை நொடியில் மாற்றிக் காட்டட்டும், நல்லதுதான். ஆனால் படம் எடுக்குமுன் எதிரே நிற்பவரிடம் ஐந்து நிமிஷம் பேச்சுக்கொடு. முடிந்தால் போனிலும் பேசு.

ஆறு மாதம் கழித்துக் கடைசிப் படத்துக்கு வந்தாள். துப்பட்டா தோளில் கிடந்தது. கண்ணாடியை மூடவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். ஒரு தடவை பட்டவள் ஆயிற்றே நான். முன்பற்களுக்கு நடுவில் பஞ்சுச் சுருளை வைத்து, கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். தாடை துடிக்கவில்லை. பதினைந்து நிமிஷம் ஆகியும் நான் விடுவதாக இல்லை. அவளே பஞ்சை எடுத்துவிட்டாள்.

"இன்னாக்கா, எதுக்கு இவ்ளோ நேரம்?"

"தளர்ந்து பின்னால போவுதான்னு பாக்கறேன்."

"போவாதுக்கா" என்றாள் மித்ரா, கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தபடியே. "நான் புடிச்சிகினு இல்ல."

பொத்தானை அழுத்தினேன். அந்தப் படம் ஒரே தடவையில் சரியாக வந்தது.